சூலியா தெருக் குழாய்நீரும் புவியியல் பாடமும்

தோட்டத்துப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை நான்காம் படிவத்தில் புவியியல் எடுத்திருக்கிறது. அந்தப் பாடம் பிற்காலத்தில் சோறு போடுமா?" என்பதே அக்கேள்வி. கேட்பதில் தவறில்லை. பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த பணத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில், ஒவ்வொரு பாடமும் என்ன பலன் தரும் என்று கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். மலைகளின் உயரத்தையும் தலைநகரங்களின் பெயரையும் மனப்பாடம் செய்வதுதான் புவியியல் என்றால், அது ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.

ஆனால் புவியியல் அவ்வளவோடு நிற்பதில்லை. ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தை எப்படித் தொடுகிறது என்று காட்டும் கல்வி அது. மலையில் மரம் விழுந்தால் ஊரில் குழாய் என்னாகும், மேட்டில் மண் வெட்டினால் பள்ளத்தில் யார் வீடு மூழ்கும் என்று கேட்கும் கல்வி. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்களுக்கு இன்று நம் நாட்டில் வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு நீடித்த வளர்ச்சிப் பணி என்று பெயர்.

"நீடித்த வளர்ச்சி" என்றதும் பெரிய சொல்லாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணையம் ஒன்று 1987ஆம் ஆண்டில் அதற்கு விளக்கம் தந்தது. இன்றைய மக்களின் தேவை நிறைவேற வேண்டும். நாளை பிறக்கும் மக்களின் தேவைக்கும் வழி அடைபடக் கூடாது என்பதே அதன் சாரம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதன்று. உளியை ஆழமாகப் பாய்ச்சினால் மரத்தில் காயம் பட்டு, மறுபட்டை ஒழுங்காக வளராது. அளவறிந்து பட்டையைச் சீவியவரின் மரமோ ஆண்டுக்கணக்கில் பால் தரும். நீடித்த வளர்ச்சியின் முதற்பாடத்தை நம் பாட்டிமார்கள் விடியற்காலை நிரையிலேயே படித்துவிட்டார்கள்.

இதைச் சற்று விரிவாகப் பார்ப்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு, ஜார்ஜ்டவுன் நகரின் சூலியா தெரு அது.

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபோது, முதன்முதலில் கோடு போட்டு வகுத்த தெருக்களுள் இதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்தனர். அவர்கள் பெயரே தெருவுக்கு நிலைத்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்கா ஷரீபும் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அத்தெருவிலோ அதற்கு அருகிலோதான் இருக்கின்றன. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்கா நகருடன் சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்த வணிகர்கள் ஏன் அங்கே வந்தார்கள்? அவர்களைக் கொண்டுவந்தது காற்று. ஆண்டில் பாதி ஒரு திசையிலும் பாதி மறுதிசையிலும் வீசும் பருவக்காற்றைப் பார்த்தே அன்று பாய்மரம் விரித்தார்கள். காற்று மாறும் வரை துறைமுகத்தில் தங்கினார்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒதுங்கிய அமைதியான கடல் அவர்களுக்குத் துறைமுகமாயிற்று. காற்றும் கடலும் கரையும் சேர்ந்து ஒரு தெருவை உண்டாக்கின. அதற்குப் பின்னர் வந்த நம் தோட்டத்து முன்னோர் எப்போது, எந்தெந்த மாவட்டங்களிலிருந்து, எத்தனை பேராக வந்து எங்கே குடியமர்ந்தார்கள் என்பதை விரிவாக ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டவர் கெர்னியால் சிங் சந்து. அவரும் புவியியல் படித்தவரே. பின்னாளில் சிங்கப்பூரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகப் பல்லாண்டுகள் இருந்தார்.

இனி அத்தெருவில் ஒரு நாசி கண்டார் கடையை மனக்கண்ணால் பாருங்கள். சமையற்காரர் அரிசி கழுவக் குழாயைத் திறக்கிறார். அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

பினாங்கு மாநிலம் எடுத்துப் பயன்படுத்தும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளும் மலையோடைகளும் எஞ்சிய பங்கைத் தருகின்றன. மூடா ஆறு பிறப்பதோ பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடாக் காட்டில். காட்டிலிருந்து இறங்கி, வயல்களையும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களையும் கடந்து, கோலா கெட்டில் பக்கத்திலிருந்து வரும் கெட்டில் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. கடலை அடையுமுன் அதன் நீரை இறைத்துச் சுங்கை டுவாவில் சுத்திகரிக்கிறார்கள். தீவுக்குரிய பங்கு கடலுக்கடியில் பதித்த குழாய்வழியே போகிறது.

சூலியா தெருவில் அரிசி கழுவுகிற நீர், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டக்காரர்களின் வீட்டருகே ஓடிய நீராக இருக்கலாம். நகரத்தில் குழாய் திறப்பவருக்கு அது தெரியாது. புவியியல் படித்த பிள்ளைக்குத் தெரியும். இந்த ஆற்றின் வழியே கீழிருந்து மேலாக நடந்துபோனால், இடத்துக்கிடம் ஒரு தொழில் நமக்காகக் காத்திருப்பதைக் காணலாம்.

முதலில் தெருவிலேயே நிற்போம். சூலியா தெருவின் பழைய கடைவீடுகளில் முன்னால் ஐந்தடி நடைபாதையும் நடுவில் திறந்த முற்றமும் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க நடைபாதை. காற்றும் வெளிச்சமும் இறங்க முற்றம். நாட்டின் தட்பவெப்பத்தை அறிந்து கட்டிய வீடுகள் அவை. ஆனால் தாரும் சிமெண்டும் பெருகப் பெருக நகரம் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மழைநீர் மண்ணில் இறங்க இடமில்லை. 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் புயல்மழை கொட்டியபோது தீவும் செபெராங் பிறையும் மூழ்கின, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. எந்தச் சாலை எவ்வளவு தாழ்வு, கடல் பொங்கும் நேரத்தில் எந்தக் கால்வாய் வடியாது, எங்கே மரம் நட்டால் எவ்வளவு வெப்பம் தணியும் என்றெல்லாம் வரைபடத்தில் குறிப்பது புவியியலாளரின் பணி. பினாங்குத் தீவின் நகர்ப்பகுதிகளில் மரமும் பசுமையும் கொண்டு வெப்பத்தையும் வெள்ளத்தையும் தணிப்பதற்கென்றே, பன்னாட்டு நிதியிலிருந்து ஒரு கோடி அமெரிக்க டாலர் பெற்றுத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. மாநகர் மன்றம், நகர் கிராமத் திட்ட இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா போன்றவற்றில் இத்தகைய பணிகள் உள்ளன.

அடுத்துத் தீவின் மலைச்சரிவைப் பார்ப்போம். பினாங்கில் சமநிலம் குறைவு. ஆகவே வீடுகள் மலையேறுகின்றன. 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி புக்கிட் குக்குஸில் சாலை போடும் இடத்தில் மண் சரிந்து 9 பேர் இறந்தனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். மண் சரியும்போது முதலில் அதன் கீழே நிற்பவன் கூலிக்காரன்தான் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரிவின் கோணம், மண்ணின் தன்மை, மழையின் அளவு இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்து, "இங்கே வெட்டாதீர்கள்" என்று காலத்தில் சொல்ல ஆள் வேண்டும். பொறியாளரும் மண்ணியல் வல்லுநரும் செய்யும் அவ்வேலையில், வரைபடம் வரைந்து அபாய இடங்களைக் குறித்துக்கொடுக்கும் புவியியலாளருக்கும் பங்குண்டு.

இனி மூடா ஆற்றின் முகத்துவாரம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது, அங்குள்ள கோத்தா கோலா மூடா கிராமம் பெரிதும் பாதிக்கப்பட்டது. பினாங்கின் கரையிலும் பலர் உயிரிழந்தனர். அடர்ந்த சதுப்புநிலக் காடு இருக்குமிடத்தில் அலையின் வேகம் தணியும் என்பதை அந்த நாளுக்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தைச் சேர்ந்த சாதாரண மீனவர்கள், சுனாமிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சதுப்புநில மரக்கன்றுகளை நடத் தொடங்கிவிட்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் இடம் அதுவே என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். மக்களின் அந்த அறிவை எழுத்திலும் வரைபடத்திலும் ஏற்றி அரசாங்கத்தின் மேசைக்குக் கொண்டுபோகப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆற்றின் வழியே இன்னும் மேலே ஏறினால் நம்முடைய தோட்டத்துக்கே வந்துவிடுகிறோம். இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு மிகுதியான வாய்ப்பு இருக்கிறது.

செம்பனை ஆலையின் கழிவுநீர் ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை அது தின்றுவிடும். மீன்கள் மூச்சுத்திணறிச் செத்து மிதக்கும். 1970களில் இந்நாட்டின் ஆறுகள் பல இப்படிக் கெட்டன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கான தனி விதிகள் 1977இல் வந்தன. கழிவில் இருக்கக்கூடிய மாசின் அளவை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாக நீங்கள் பார்க்கும் கழிவுநீர்க் குளங்கள் அந்த விதிகளால் பெருகியவை. அக்குளத்து நீரைச் சோதிப்பது, ஆற்றின் மேலும் கீழும் மாதிரி எடுப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் சுற்றுச்சூழல் அதிகாரியின் வேலை.

அதற்குப் பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. எண்ணெய் வாங்கும் நாடுகள், "இது காட்டை அழித்து விளைந்ததா? தொழிலாளர்களைச் சரியாக நடத்தினீர்களா?" என்று கேட்கத் தொடங்கின. 2004இல் நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு தோன்றியது. மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ. 2015இல் தொடங்கி, 2020 முதல் கட்டாயமாக்கப்பட்டது. சான்றிதழ் வழங்க வருபவர் ஆற்றோரம் ஒதுக்குநிலம் விட்டிருக்கிறார்களா, சரிவில் படிக்கட்டு வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதோடு, தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்கிறது என்றும் பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. செம்பனை, ரப்பர் முதலிய பொருள்கள் எந்த நிலத்துண்டில் விளைந்தன என்று வரைபடக் குறியுடன் காட்ட வேண்டும். அது 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். அமலுக்கு வரும் நாள் தள்ளிப்போனாலும், கம்பெனிகள் அதற்காகத் தங்கள் நிலங்களை வரைபடமாக்கத் தொடங்கிவிட்டன.

நேயர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நம் பாட்டனார் வெட்டிய பாலுக்கு எடை மட்டுமே பார்த்தார்கள். இன்று ஒரு செம்பனைக் குலை ஆலைக்குப் போகும்போது, உலகத்தில் அது எந்த இடத்தில் விளைந்தது என்ற விவரமும் கூடவே போக வேண்டியிருக்கிறது. அந்த விவரத்தைத் தயாரிப்பவர், செயற்கைக்கோள் படத்தைப் படிக்கத் தெரிந்தவர். கணினியில் புவித் தகவல் முறையைக் கையாளத் தெரிந்தவர். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் தங்கள் நீடித்த வளர்ச்சி நடவடிக்கைகளை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று மலேசியப் பங்குச் சந்தையும் 2015இல் அறிவித்தது. ஆகவே தோட்டக் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் இதற்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

ஆற்றின் தலைப்பக்கம் உலு மூடாக் காடு. கெடா, பினாங்கு, பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் நீர் தருகிற காடு அது. நாட்டின் நெற்களஞ்சியமான மூடா வயல்களும் அதை நம்பியே இருக்கின்றன. அங்கே மரம் வெட்டலாமா, வெட்டாமல் காக்கும் மாநிலத்துக்கு ஈடாக யார் என்ன தர வேண்டும் என்ற வாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. காடு ஒரு மாநிலத்தில், குழாய் இன்னொரு மாநிலத்தில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பயிற்சி தருவதே நாம் பேசிக்கொண்டிருக்கும் பாடம்.

இப்படி வாழ்ந்து காட்டியவர் உண்டா என்று கேட்கலாம். உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர் சான் ஙாய் வெங். வெள்ளத்தையும் நீரையும் பற்றிய ஆராய்ச்சியே அவருடைய துறை. ஆராய்ச்சியை ஏட்டோடு நிறுத்தாமல், "வாட்டர் வாட்ச் பினாங்கு" என்ற அமைப்பின் தலைவராக இருந்து, பள்ளி மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று நீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார். பினாங்கு மக்கள் தலைக்கு நாளொன்றுக்கு 250 லிட்டருக்கு மேல் நீர் செலவிடுகிறார்கள், இது மிகை என்று விடாமல் எடுத்துச் சொன்னார். புவியியல் வகுப்பறையில் தொடங்கிய வழி, ஒரு மாநிலத்தின் நீரைக் காக்கும் பணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி, படிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்வோம். இடைநிலைப் பள்ளியில் முதல் மூன்று படிவங்களில் புவியியல் எல்லோருக்கும் உண்டு. நான்காம், ஐந்தாம் படிவங்களில் அது தேர்வுப் பாடம். எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவம் போனால், எஸ்.டி.பி.எம். தேர்விலும் புவியியல் எடுக்கலாம். அதற்குப் பின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு உண்டு. ஆசிரியராக விரும்புவோர்க்குத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்கல்விக் கடனுக்குப் பி.டி.பி.டி.என். நிதியை நாடலாம். ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளிகளிலேயே நடப்பதால், செலவுக்கு அஞ்சும் குடும்பத்துக்கு அது நல்ல வழி.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் ஒன்றை மட்டும் சுவரில் மாட்டிவைத்தால் வேலை வீடு தேடி வராது. புவியியலோடு வேறு மூன்று பழக்கங்கள் சேர வேண்டும். கணக்கும் புள்ளியியலும் ஒன்று. புவித் தகவல் முறையைக் கணினியில் கையாளும் திறமை இரண்டாவது. மலாயும் ஆங்கிலமும் தெளிவாக எழுதும் ஆற்றல் மூன்றாவது. அறிக்கை எழுதத் தெரியாதவருக்கு இத்துறையில் உயர்வு இல்லை. இம்மூன்றையும் படிக்கும்போதே தேடிக்கொள்ள வேண்டும். கம்பெனி அறிக்கையில் இனிக்க இனிக்க எழுதிவிட்டு, ஆற்றில் வேறுவிதமாக நடந்துகொள்வாரும் உண்டு. அங்கே உண்மையைச் சொல்லும் துணிவும் வேண்டும்.

அந்தத் துணிவுக்குத் தோட்டத்துப் பிள்ளையிடம் ஓர் அடிப்படை இருக்கிறது. மருந்து அடித்த மறுநாள் ஓடையில் குளிக்கலாமா என்ற அச்சத்தோடு வளர்ந்தவன், நீர்ச்சோதனை அறிக்கையை வெறும் எண்ணாகப் பார்க்க மாட்டான். லயத்தின் கோடியில் வெள்ளம் ஏறியதைக் கண்ட பெண், தாழ்நிலத்து வீடுகளை வரைபடத்தில் புள்ளியாக மட்டும் பார்க்க மாட்டாள். தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்த குடும்பங்களுக்கு, ஒரு நிலத்தின் பயன் மாறும்போது அதில் வாழ்ந்தவர்கள் என்னாகிறார்கள் என்பது தெரியும். நிலத்தைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் இதுவரை நாம் உட்கார்ந்தது குறைவு. அங்கே நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது என்ன? தோட்டத்து ஆபீசில் தினமும் மழை அளந்து குறிக்கும் வழக்கம் உண்டு. கிராணியாரிடம் கேட்டு, அது எப்படி என்று பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பின்னாலும் ஒரு டின் வைத்து ஒரு மாதம் அளந்து எழுதட்டும். பாட்டியை உட்காரவைத்து, பழைய ஊற்று எங்கே இருந்தது, எந்த ஆண்டு எதுவரை வெள்ளம் வந்தது, முன்பு எந்த மரம் எங்கே நின்றது என்று கேட்டு ஒரு தாளில் தோட்டத்தின் படம் வரையட்டும். பினாங்குக்குப் போகும் நாளில் சூலியா தெருவுக்கும் அழைத்துப் போங்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தேடிப் படிக்கட்டும்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்து, அந்தந்த நிலத்துக்கு ஏற்ற வாழ்வையும் தொழிலையும் வகுத்துச் சொன்ன மொழி நம்முடையது. அதே அறிவை இன்றைய கருவிகளோடு கற்கிற பிள்ளைக்கு வேலையும் கிடைக்கும். அந்த வேலையால் பிறருக்கு நல்ல நீரும் நிலைத்த நிலமும் கிடைக்கும். பிள்ளை புவியியல் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். என்னென்ன படிக்க வேண்டும் என்று பள்ளி ஆசிரியரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.